தொலைநோக்கி அப்புறம் வாங்கலாம்: கடலூர், புதுச்சேரி வானத்தில் ஒரு விண்மீனை அளந்து பழகுவது எப்படி

வானியலில் ஆர்வம் வந்ததும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, எந்தத் தொலைநோக்கி வாங்கலாம் என்பதுதான். இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். வானியலாளர்கள் எப்படி யோசிக்கிறார்கள், எப்படி வேலை செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை இருந்தால் ஒரு நோட்டு, ஒரு பென்சில், நேரம் சரியாகக் காட்டும் போன், உங்கள் இரண்டு கண், இவ்வளவு போதும். இதை வைத்துக்கொண்டு ஒரே ஒரு விண்மீனின் பிரகாசத்தை ஒரு பருவம் முழுக்க அளந்து பாருங்கள். யாரோ ஒருவர் தொலைநோக்கியைத் திருப்பி வைத்துச் சனியின் வளையத்தைக் காட்டுவது சந்தோஷமான விஷயம்தான், ஆனால் அதில் நீங்கள் பார்வையாளர். இதில் அளப்பவர் நீங்கள்.

வானியலுக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. வேதியியல் படித்தவர் தன் பொருளைச் சூடாக்கலாம், கரைக்கலாம், இன்னொரு தடவை செய்து பார்க்கலாம். விண்மீனை அப்படி எதுவும் செய்ய முடியாது. அங்கிருந்து வந்து சேரும் வெளிச்சம்தான் கையில் இருக்கிற ஒரே சாட்சி. அதனால் அந்த வெளிச்சத்திலிருந்து எடுத்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்வியோடுதான் வானியலாளரின் வேலையே நடக்கிறது. எந்த எண்ணைச் சொன்னாலும் பக்கத்திலேயே 'கூடக்குறைய இவ்வளவு' என்று ஒரு வால் இருக்கும். செய்தியில் வரும்போது அந்த வாலைத்தான் முதலில் வெட்டி விடுகிறார்கள், என் கணக்கில் வானியலின் பாதி அந்த வாலில்தான் இருக்கிறது. இந்த வழிகாட்டி முழுக்க அதைப் பழகுவதற்குத்தான்.

எந்த விண்மீன், எப்போது

திருவாதிரையை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பெயர் பெட்டல்ஜூஸ். வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களைச் சின்ன வயதிலிருந்து எல்லாரும் பார்த்திருப்போம், ஓரியன் என்ற வேட்டைக்காரனின் இடுப்புக்கச்சை அது. அதற்கு வடக்கே செம்மஞ்சளாக இருப்பது திருவாதிரை, தெற்கே வெள்ளையும் நீலமுமாகத் தெரிவது ரிகல். திருவாதிரையின் பிரகாசம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், அதனால் அதை மாறொளி விண்மீன் என்கிறோம். ஒரு சுற்று ஏறி இறங்க 400 நாள் அளவில் ஆகும் என்றாலும் கடிகாரம் மாதிரி ஒழுங்காக நடப்பதில்லை, அதனால்தான் ஆள் மாற்றி ஆள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

நம் ஊருக்கு இது ஏன் வசதி என்றால், புதுச்சேரியும் கடலூரும் வடக்கு அட்சரேகை 12 பாகையை (டிகிரியை) ஒட்டி இருக்கின்றன, திருவாதிரை வானத்தின் நடுக்கோட்டுக்கு, அதாவது பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானத்தில் போகிற கோட்டுக்கு, வடக்கே 7 பாகையில் இருக்கிறது. உச்சத்துக்கு வரும்போது நம் தலைக்கு நேர் மேலே, 5 பாகைகூட விலகாமல் நிற்கும். இதன் அருமை கொஞ்சம் கீழே வாசித்தால் புரியும்.

பருவம் என்று பார்த்தால் அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல் சின்னம் என்று நமக்கு வானமே கிடைக்காது. பொங்கல் கழித்து ஆரம்பியுங்கள். பிப்ரவரி நடுவில் இரவு எட்டரை மணிக்குத் திருவாதிரை உச்சியில் இருக்கும். ஏப்ரல் கடைசி வரை மாலையில் பார்க்கலாம்.

இடம்: புதுச்சேரி கடற்கரைச் சாலையில் விளக்கு வெளிச்சம் அதிகம், கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சிலும் கடைகள் பக்கம் அப்படித்தான். திருவாதிரை பளிச்சென்ற விண்மீன் என்பதால் வீட்டு மொட்டை மாடியே போதும், நேராகக் கண்ணில் அடிக்கிற தெருவிளக்கை மட்டும் தண்ணீர்த் தொட்டியோ படிக்கட்டுச் சுவரோ மறைக்கிற மாதிரி நின்றுகொள்ளுங்கள். இன்னும் இருட்டு வேண்டுமென்றால் பாகூர் பக்கம் வயல்வெளி நல்லது, தனியாகப் போகாமல் ஆள் சேர்த்துக்கொண்டு போங்கள். கண்ணாடி போடுபவர்கள் கடலோரத்தில் கால் மணி நேரம் நின்றாலே கண்ணாடியில் உப்புப் படலம் பிடித்துவிடும், விளக்கைச் சுற்றி வட்டம் தெரிகிறது என்றால் அதுதான் காரணம். பார்ப்பதற்கு முன் துடைத்துவிட்டுப் பாருங்கள். நோட்டில் எழுத வெளிச்சம் வேண்டும் என்றால் போன் டார்ச் மேல் சிவப்புக் கண்ணாடித் தாளை இரண்டு மடிப்பாக மடித்து ஒட்டிக்கொள்ளுங்கள், சிவப்பு வெளிச்சம் கண்ணின் இருட்டுப் பழக்கத்தை அவ்வளவாகக் கெடுக்காது.

அளவுகோல்

விண்மீன் பிரகாசத்தை மேக்னிட்யூட் என்ற எண்ணால் சொல்கிறார்கள். எண் சிறியதாக இருந்தால் பிரகாசம் அதிகம், இது தலைகீழாக இருக்கிறதே என்று எல்லாரும் முதலில் தடுமாறுவார்கள், பழகிவிடும். பழைய கிரேக்கர்கள் விண்மீன்களை ஆறு வகுப்பாகப் பிரித்ததிலிருந்து வந்த வழக்கம் அது. இதற்குக் கணக்கு போட்டுக் கொடுத்தவர் நார்மன் போக்சன் என்ற ஆங்கிலேய வானியலாளர். 5 மேக்னிட்யூட் வித்தியாசம் என்றால் வெளிச்சம் சரியாக 100 மடங்கு, அப்படியானால் ஒரு மேக்னிட்யூடுக்கு ஏறக்குறைய 2.512 மடங்கு என்று 1856-ல் முன்வைத்தார், உலகம் முழுக்க இன்றும் அதுதான் நடப்பு. இதே போக்சன் 1861-ல் மெட்ராஸ் வானோக்கு நிலையத்துக்கு வந்து 1891-ல் இறக்கும் வரை சென்னையிலேயே வேலை பார்த்தார். அவரிடம் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஆர் ரெட்டிகுலி என்ற விண்மீன் ஒரு மாறொளி விண்மீன் என்று கண்டுபிடித்தார். நீங்கள் செய்யப்போகிற வேலைக்கு நம் பக்கத்தில் நூற்றைம்பது வருடத்துக்கு மேல் பழக்கம் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, அளப்பது எப்படி? கண்ணால் ஒரு விண்மீனைத் தனியாகப் பார்த்து இதன் பிரகாசம் இவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு விண்மீன்களைப் பார்த்து எது கூட, எது குறைவு என்று கண் நன்றாகவே சொல்லும். அதனால் தராசில் படிக்கல் மாதிரி, பிரகாசம் ஏற்கெனவே தெரிந்த விண்மீன்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறோம். திருவாதிரைக்கு நாலு போதும்: ப்ரோசியான் 0.4, ரோகிணி 0.9, போலக்ஸ் 1.1, பெல்லாட்ரிக்ஸ் 1.6. இடுப்புக்கச்சைக் கோட்டை வடமேற்கே நீட்டினால் செம்மஞ்சளாக ரோகிணி வரும், இன்னும் போனால் கார்த்திகைக் கூட்டம். எதிர்ப்பக்கம் நீட்டினால் வானத்திலேயே அதிகப் பிரகாசமான சிரியஸ். சிரியஸ், திருவாதிரை இரண்டோடும் கிழக்கே ஒரு முக்கோணம் போட்டால் மூன்றாவது மூலையில் நிற்பது ப்ரோசியான். போலக்ஸ், புனர்பூசத்தின் இரட்டை விண்மீனில் பிரகாசமானது. பெல்லாட்ரிக்ஸ், ஓரியனின் இன்னொரு தோள்.

இப்போது திருவாதிரையை ஒரு நொடி, ப்ரோசியானை ஒரு நொடி, திரும்ப மாற்றி மாற்றிப் பாருங்கள். திருவாதிரை ப்ரோசியானை விட மங்கலா? ரோகிணியை விடப் பிரகாசமா? அப்படியென்றால் 0.4-க்கும் 0.9-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அந்த இடைவெளியை மனதில் ஐந்தாகப் பிரித்து, ப்ரோசியானிலிருந்து எத்தனையாவது படியில் இருக்கிறது என்று கேளுங்கள். மூன்றாவது படி என்று பட்டால் 0.7. அவ்வளவுதான் அளவு. ஒன்று மட்டும் கவனம், செந்நிற விண்மீனை முறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது மெல்ல மெல்ல பிரகாசமாகிக்கொண்டே போகிற மாதிரி தெரியும். கண்ணின் வேலை அது. அதனால்தான் ஒரு நொடிப் பார்வை. நிறம் ஓரளவு ஒத்துப்போவதால் ரோகிணியோடு ஒப்பிடுவது ப்ரோசியானோடு ஒப்பிடுவதை விட நம்பகமானது.

காற்றை மறக்காதீர்கள்

இந்த இடத்தில்தான் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் வழுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். விண்மீன் வெளிச்சம் நம் கண்ணுக்கு வருவதற்குள் காற்றைத் தாண்டி வர வேண்டும். தலைக்கு மேலே இருக்கும் விண்மீனுக்குக் குறைந்த காற்று, அடிவானத்திலிருந்து 30 பாகை உயரத்தில் இருந்தால் அதைப் போல இரண்டு மடங்கு, இன்னும் கீழே போனால் மளமளவென்று கூடும். கடலோரத்தில் ஈரமும் உப்பும் சேர்ந்து இன்னும் மோசம். திருவாதிரை உச்சியில் இருக்கும்போது, சாய்ந்து போன வேறொரு விண்மீனோடு ஒப்பிட்டால், நீங்கள் அளப்பது விண்மீன்களின் வித்தியாசமாக இருக்காது, வங்காள விரிகுடா மேலிருக்கும் காற்றின் வித்தியாசமாக இருக்கும்.

இதிலிருந்து தப்பிக்கத்தான் உச்சி நேரம். பிப்ரவரி நடுவில் எட்டரை மணிக்குத் திருவாதிரை உச்சியில் நிற்கும்போது ரோகிணி மேற்கே கிட்டத்தட்ட 20 பாகை சாய்ந்திருக்கும், ப்ரோசியான் கிழக்கே 25 பாகை போல. எல்லாமே 60 பாகைக்கு மேல். அந்த உயரத்தில் காற்றின் வித்தியாசம் அற்பம். இங்கிலாந்தில் இருந்து இதையே பார்ப்பவர்களுக்குத் திருவாதிரை 45 பாகையைத் தொடுவதே பெரும்பாடு, நமக்கு இது இயற்கையாகக் கிடைத்த சலுகை. உயரத்தைக் கணிக்கக் கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடியுங்கள், ஒரு முஷ்டி ஏறக்குறைய 10 பாகை.

நோட்டில் என்ன எழுதுவது

பார்த்த உடனே எழுத வேண்டும், காலையில் ஞாபகத்திலிருந்து எழுதினால் அது அளவு ஆகாது. ஒரு வரி இப்படி இருக்கலாம்: 'பிப். 15, 20:30, மொட்டை மாடி, மேகம் இல்லை, கிழக்கே மங்கல், நிலா இல்லை. திருவாதிரை 0.7. ப்ரோசியான் 0.4, ரோகிணி 0.9.' எதோடு ஒப்பிட்டீர்கள் என்பதை எழுதாமல் விட்டால் பின்னால் யாராலும் சரிபார்க்க முடியாது. அடித்துத் திருத்தாதீர்கள், தப்பு என்று பட்டால் பக்கத்தில் ஏன் தப்பு என்று எழுதுங்கள், அது அப்படியே இருக்கட்டும்.

நேரத்தை உலக நேரத்தில் சொல்வது வழக்கம், நம் நேரத்தில் ஐந்தரை மணி கழித்தால் கிடைக்கும். மாறொளி விண்மீன்காரர்கள் மாதம், வருடம் எல்லாம் விட்டுவிட்டு ஜூலியன் நாள் என்ற ஒரே தொடர் எண்ணைப் பயன்படுத்துவார்கள், இரண்டு தேதிக்கு நடுவில் எத்தனை நாள் என்று கழித்தாலே தெரிந்துவிடும். 2026 பிப்ரவரி 15 இரவு 8.30 என்பது 2461087.125. அந்த நாள் கிரீன்விச் நண்பகலில் தொடங்குகிறது, நமக்கு மாலை 5.30. அதனால் நம் ஒரு இரவு முழுக்க ஒரே ஜூலியன் நாளுக்குள் அடங்கிவிடும், நடுவில் தேதி மாறுகிற தொல்லை இல்லை.

முந்தைய அளவைப் பார்க்காமல் இன்றைய அளவை எடுங்கள். போன வாரம் 0.7 என்று தெரிந்தால் இன்றும் கண் 0.7-ஐத்தான் தேடும். இரண்டு பேர் சேர்ந்து பார்க்கிறீர்கள் என்றால் பேசிக்கொள்ளாமல் தனித்தனியாக எழுதிவிட்டு அப்புறம் ஒப்பிடுங்கள், அக்கா வாய்விட்டு ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால் தம்பிக்கும் அதே எண்தான் வரும். இரண்டு பேருக்கும் 0.2 வித்தியாசம் இருந்தால் கவலைப்பட வேண்டாம், கண்ணால் அளப்பதில் 0.1, 0.2 என்பது நியாயமான கூடக்குறைய. ஆனால் ஒருவர் எப்போதுமே 0.2 கூடச் சொல்கிறார் என்றால் அது வேறு வகை, அதைக் கவனித்து எழுதி வைக்க வேண்டும். கிரீன்விச்சில் 1796-ல் டேவிட் கின்னபுரூக் என்ற உதவியாளரை, தொலைநோக்கிக்குள் தெரியும் கம்பியை விண்மீன் கடக்கும் நேரத்தைத் தலைமை வானியலாளர் மாஸ்கெலின் குறித்ததை விட 0.8 நொடி தாமதமாகக் குறிக்கிறார் என்று வேலையை விட்டே அனுப்பினார்கள். பிறகு பெஸ்ஸல் என்ற ஜெர்மானியர் ஆராய்ந்தபோதுதான், பார்க்கிற ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு நிலையான விலகல் இருக்கிறது, மாஸ்கெலினுக்கும் சேர்த்துத்தான், என்று தெரிந்தது.

இரண்டு வகைப் பிழை

முன்னும் பின்னுமாகச் சிதறுகிற பிழை ஒரு வகை, நிறைய தடவை அளந்து சராசரி எடுத்தால் அது குறையும். எல்லா அளவையும் ஒரே பக்கம் இழுக்கிற பிழை இன்னொரு வகை, அது ஆயிரம் தடவை அளந்தாலும் போகாது. இரண்டாவதை வேட்டையாடுவதில்தான் வானியலாளர்களுக்குத் தூக்கம் போகிறது. இதற்கு நல்ல உதாரணம் புதுச்சேரி வழியாகவே வருகிறது.

சூரியன் எவ்வளவு தூரம் என்று கண்டுபிடிக்க, வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்து போகும் நேரத்தை உலகின் பல மூலைகளிலிருந்து அளக்க வேண்டும் என்று 18-ஆம் நூற்றாண்டில் திட்டம் போட்டார்கள். அதற்காகப் புதுச்சேரிக்குக் கிளம்பிய பிரெஞ்சு வானியலாளர் கியோம் லெ ஜான்தி, 1761-ல் ஊர் ஆங்கிலேயர் கையில் போய்விட்டதால் கரை இறங்க முடியாமல் நடுக்கடலிலிருந்து அதைப் பார்த்தார். பார்த்தார், ஆனால் ஆடுகிற கப்பலில் அந்தப் பார்வையை நம்பகமான அளவாக ஆக்க முடியவில்லை. அடுத்த கடப்பு 1769-ல். காத்திருந்து, புதுச்சேரியிலேயே நோக்ககம் அமைத்து, ஜூன் 4 காலையில் தயாராக நின்றார், மேகம் மூடிவிட்டது. ஒரு ஆளாக நினைத்துப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. ஆனால் வேலை நிற்கவில்லை, ஏனென்றால் ஒருவர் கண்ணை மட்டும் நம்பி அந்தத் திட்டம் போடப்படவில்லை. எல்லாருடைய அளவையும் சேர்த்து 1771-ல் லலாண்ட் என்ற பிரெஞ்சு வானியலாளர் சொன்ன விடை 15.3 கோடி கிலோமீட்டர், கூடக்குறைய 10 லட்சம். இன்று நமக்குத் தெரிந்த தூரம் 14.96 கோடி. அவர் சொன்ன வரம்புக்கு வெளியே விழுகிறது பாருங்கள். வெள்ளி சூரிய விளிம்பைத் தொடும் அந்த நொடியில் கறுப்புத் துளி போல இழுபட்டுத் தெரிந்ததில் சரியான நேரத்தைக் குறிப்பதே சிக்கலாக இருந்தது. பிழை இருந்தது பெரிய விஷயமில்லை, பிழையின் அளவையே குறைத்து மதிப்பிட்டிருக்கிறார்கள்.

இன்னொன்றும் புதுச்சேரியில் நடந்ததுதான். 1825-ல், நம் பஞ்சாங்க முறைகளை ஆராய்ந்த ஜான் வாரன் என்பவருக்கு நம் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், தரையில் சோழிகளை வைத்து, கணக்குக்கான எண்களை அடக்கிய வாக்கியங்களை மனப்பாடமாகச் சொல்லியே அந்த வருடத்துச் சந்திர கிரகணத்தைக் கணக்குப் போட்டுக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் விலகல். தாள், பென்சில் இல்லாமல் இவ்வளவு நெருங்கியதே எனக்குப் பெரிய ஆச்சரியம். அந்த மூன்று எண்ணும் பதிவானதால்தான் அந்த முறை எவ்வளவு துல்லியம் என்று இருநூறு வருடம் கழித்து நாம் பேச முடிகிறது.

வளைகோடும் சந்தேகமும்

பத்து, பதினைந்து அளவு சேர்ந்ததும் வரைபடத் தாளில் கிடையாக நாளையும் செங்குத்தாக மேக்னிட்யூடையும் வைத்துப் புள்ளி போடுங்கள், சின்ன எண் மேலே. புள்ளிகளை இணைக்காதீர்கள், அவசரம் வேண்டாம். ஏதாவது இறக்கம் தெரிந்தால் விண்மீன் மங்குகிறது என்று சொல்வதற்கு முன் மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பாருங்கள். அன்று நிலா பக்கத்தில் இருந்ததா, மங்கலாக இருந்ததா, நேரம் தள்ளிப் பார்த்ததில் விண்மீன் சாய்ந்துவிட்டதா, வேறு யாருக்காவது அதே இறக்கம் தெரிந்ததா. நமக்குப் பிடித்த விளக்கத்தை முதலில் உடைக்கப் பார்ப்பதுதான் இந்த வேலையின் நடைமுறை.

2019 கடைசியில் திருவாதிரையே இதைக் காட்டியது. பிப்ரவரி 2020-க்குள் 1.6 வரை மங்கி, பெல்லாட்ரிக்ஸுக்குச் சமமாக வந்து நின்றது. வெடிக்கப் போகிறது என்று இங்கேயும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் வானியலாளர்கள் நிறமாலை எடுத்து, அதாவது வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்து, வெப்பநிலையைப் பார்த்தார்கள், அவ்வளவு மங்கலுக்கு ஏற்ற மாதிரி அது குறையவில்லை. சிலியில் இருக்கும் பெரிய தொலைநோக்கியின் படத்தில் விண்மீனின் தென்பாதி மட்டும் இருண்டிருந்தது. 2021-ல் வந்த விளக்கம், விண்மீன் கக்கிய வாயு குளிர்ந்து தூசி மேகமாகி நம் பக்கம் மறைத்தது, கூடவே மேற்பரப்பின் ஒரு பகுதியும் குளிர்ந்திருந்தது. இது தெரிவதற்கு அடிப்படையாக இருந்த ஒளி வளைகோட்டில், நீங்கள் வரைகிற அதே மாதிரி நாளுக்கு நாள் பிரகாசத்தைக் காட்டும் படத்தில், கண்ணால் அளந்தவர்களின் புள்ளிகளும் இருக்கின்றன.

உங்கள் புள்ளிகளையும் சேர்க்கலாம். ஏஏவிஎஸ்ஓ என்று சுருக்கிச் சொல்லும் அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்கர் சங்கம் 1911-லிருந்து இந்த வேலையைச் செய்கிறது, எந்த நாட்டுக்காரரும் பெயர் பதிந்து அளவுகளை அனுப்பலாம். ஒப்பிட வேண்டிய விண்மீன்களின் எண்ணோடு வரைபடமும் அங்கேயே கிடைக்கும், அனுப்புவதற்கு அவர்கள் தரும் எண்களையே பயன்படுத்துங்கள்.

தொழில்முறை வானியலாளர்கள் செய்வதும் இதே வரிசைதான், கருவி பெரிது. என்ன பார்க்க வேண்டும், ஏன், எத்தனை மணி நேரம் என்று விண்ணப்பம் எழுதி, குழு ஒப்புக்கொண்டால் தொலைநோக்கி நேரம் கிடைக்கும், அந்த இரவில் மேகம் வந்தால் போனது போனதுதான். ஜவ்வாது மலையில் ஆலங்காயத்தை ஒட்டிய காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது, நம் ஊரிலிருந்து திருவண்ணாமலை வழியாகப் போகலாம், பார்வையாளர் அனுமதி பற்றி முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். லடாக்கின் ஹான்லேயில் 4500 மீட்டர் உயரத்தில் இருக்கும் தொலைநோக்கியை பெங்களூர் பக்கம் ஹொசகோட்டேயில் உட்கார்ந்தே இயக்குகிறார்கள். மீதி நாளெல்லாம் கணினி முன்தான், அதனால் பள்ளிப் பிள்ளைகள் கேட்டால் கணிதத்தோடு பைத்தான் என்ற கணினி மொழியையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள்.

மே மாதம் திருவாதிரை சூரியன் பக்கம் போய்விடும். அப்போது கேட்டைக்கு (வெளிநாட்டுப் பெயர் அன்டாரெஸ்) மாறுங்கள், அதுவும் செந்நிற மாறொளி விண்மீன்தான், சித்திரை நட்சத்திரமும் திருவோணமும் ஒப்பிட உதவும். திருவாதிரைக்கு இந்தக் கோடை மாதங்களில்தான் உலகம் முழுக்க அளவுகள் குறைவு, 2020-ல் அந்த இடைவெளியை நிரப்ப சூரியனைப் பார்க்க அனுப்பிய ஸ்டீரியோ விண்கலத்தைத் திருப்ப வேண்டியிருந்தது. ஆகஸ்ட் நடுவில் காலை ஐந்து மணிக்கு நம் கடல் பக்கம் அது மூன்று, நாலு முஷ்டி உயரத்துக்கு ஏறியிருக்கும். ப்ரோசியான் அடிவானத்தை ஒட்டி இருக்கும் என்பதால் அந்த நேரத்தில் அதைத் தொடாதீர்கள், பக்கத்திலேயே இருக்கும் பெல்லாட்ரிக்ஸோடு ஒப்பிட்டு அளவை எடுங்கள், ரோகிணி திருவாதிரையை விட உயரமாக இருக்கும் என்பதால் அதோடும் ஒப்பிட்டால் அதன் உயரத்தையும் சேர்த்துக் குறித்துவிடுங்கள்.